சிலிகான் பிசுபிசுத்தால் ஹார்டனரைக் கூட்டாதீர்கள்

சிலிகானில் மோல்டு (அச்சு) எடுக்க, மாஸ்டர் எனும் மூல உருவத்தின் மேல் ஹார்டனர் (இறுக வைக்கும் திரவம்) கலந்த சிலிகானை ஊற்றுகிறோம். "வெளிப்பக்கம் நல்லா இறுகிடுச்சு சார், மாஸ்டரைத் தொட்ட இடம் மட்டும் பிசுபிசுன்னு இருக்கு. அடுத்த தடவை ஹார்டனரைக் கூட்டிடவா?" எத்தனை பேர்தான் இதையே கேட்பார்கள்! கூட்டாதீர்கள்.

வெளிப்பக்கம் இறுகியிருந்தால் நீங்கள் அளந்ததும் கலக்கியதும் சரி. கோளாறு மாஸ்டரின் மேற்பரப்பில் இருக்கிறது. பிளாட்டினம் வகை (பிளாட்டினச் சேர்மத்தால் இறுகும்) சிலிகானுக்குக் கந்தகமும் அமீனும் வெள்ளீயச் சேர்மங்களும் ஆகாது. கந்தகம் கலந்த மாடலிங் களிமண், லேடெக்ஸ் கையுறை, டின் வகை (வெள்ளீயச் சேர்மத்தால் இறுகும்) சிலிகான் கலக்கிய பழைய கப், ரெசின் 3டி பிரிண்டில் அரைகுறையாக இறுகிய ரெசின், இவற்றில் எது பட்டாலும் அந்த இடம் இறுகாது. ஹார்டனரை இரண்டு மடங்கு ஊற்றினாலும் இறுகாது; விகிதம் கெட்டு, நன்றாக இருந்த பாகமும் கொழகொழவென்று நிற்கும். டப்பாவில் 1:1 என்றால் 1:1தான். அது எடையா, கன அளவா என்றும் பாருங்கள். மோல்டு முழுக்கப் பிசுபிசுத்தால் மட்டும் விகிதத்தைச் சந்தேகப்படுங்கள். திட்டுத்திட்டாக இருந்தால் கப்பின் ஓரத்தையும் அடியையும் வழித்துக் கலக்கவில்லை.

டின் வகையில் கேட்டலிஸ்ட் (அதன் ஹார்டனர்) கூடினால் இறுகத்தான் செய்யும். ஆனால் குமிழி மேலே வருமுன் கெட்டியாகிவிடும், மோல்டும் சீக்கிரம் கிழியும்.

ரெசின் பிரிண்ட்தான் மாஸ்டர் என்றால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கழுவி, நன்றாக உலர்த்தி, புறஊதா விளக்கில் முழுதாக இறுக்குங்கள். பிறகு 60 டிகிரியில் சில மணி நேரம் வையுங்கள். மெல்லிய பாகம் வளையும், கவனம். மேலே அக்ரிலிக் கிளியர் ஸ்பிரே இரண்டு கோட் அடித்து முழுக்கக் காயவிடுங்கள். இவ்வளவு செய்தும் சோதிக்காமல் ஊற்றாதீர்கள். மாஸ்டரின் அடிப்பக்கத்தில் ஒரு சொட்டு சிலிகான் வைத்து மறுநாள் உரித்துப் பாருங்கள், அது போதும். தயவுசெய்து இந்த ஒன்றை மட்டும் தவிர்க்காதீர்கள். பிசின்போல் நின்ற சிலிகான் நுண்ணிய கோடுகளுக்குள் இறங்கிவிட்டால் மாஸ்டரே வீண்.

கந்தகக் களிமண்ணை விட முடியாதவர்கள் டின் வகைக்குப் போங்கள். அது கொஞ்சம் சுருங்கும். ஒன்றோடொன்று பொருந்த வேண்டிய பாகங்களுக்கு அதைக் கணக்கில் எடுங்கள்.

இரண்டு பாதி மோல்டுக்கு, முதல் பாதியின் மேல் ரிலீஸ் ஏஜென்ட் (ஒட்டாமல் பிரிய உதவும் பூச்சு) பூசாமல் இரண்டாவதை ஊற்றினால் இரண்டும் ஒரே கட்டியாகும். வாஸ்லின் போதும். தூரிகையால் மெல்லிசாகத் தடவுங்கள், மாஸ்டரின் மேல் படக்கூடாது. பட்ட இடத்தில் தூரிகைத் தடம் வார்க்கும் ஒவ்வொரு பாகத்திலும் விழும்.