ஒப்புமை வேறு, ஊகம் வேறு

நான் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்க்கிறேன். வெளியாருக்கு நூலகர் என்றால் புத்தகம் எடுத்துக் கொடுப்பவர். ஆய்வு மாணவர்களுக்கோ, கருத்துத்திருட்டுச் சோதனைச் சான்றிதழில் கையெழுத்துப் போடுபவர். அந்தக் கையெழுத்துக்காக என் மேசை முன் நிற்பவர்கள், ரத்தப் பரிசோதனை முடிவை வாங்க வந்தவர்கள் போலவே நிற்பார்கள்.

சென்ற ஆண்டு பொருளியல் ஆய்வு மாணவி ஒருவர் தம் நெறியாளருடன் வந்தார். உப்பளத் தொழிலாளர்களின் கூலி பற்றிய ஆய்வேடு. பிறர் எழுத்தோடு ஒப்புமை 7 சதவீதம்தான். கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டிய வேலை. ஆனால் நெறியாளர் கையில் இன்னொரு தாள் இருந்தது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஏதோ ஒரு தளத்தில் ஆய்வேட்டின் இரண்டாம் இயலை அவரே ஒட்டிப் பார்த்திருக்கிறார். 'ஏஐ எழுதியது 64%' என்று சிவப்பு எழுத்தில் வந்திருந்தது.

"அறுபதைத் தாண்டினால் பதிவே ரத்து சார். யூஜிசி விதியில் இருக்கிறது" என்றார். மாணவி தரையைப் பார்த்தபடி நின்றார்.

விதி இருப்பது உண்மைதான். யூஜிசி எனப்படும் பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் கொண்டுவந்த ஒழுங்குமுறை ஒப்புமையை நான்கு படிகளாகப் பிரிக்கிறது. 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 வரை திருத்திச் சமர்ப்பிக்க வேண்டும். 40-இலிருந்து 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய ஆய்வேட்டைக் கொடுக்க முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவு ரத்து. ஆனால் இந்த எண்கள் அளப்பது ஒரே ஒரு பொருளை: ஏற்கெனவே வெளியான எழுத்தோடு இந்த எழுத்து எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதை. கேட்டதை எழுதித் தரும் சாட்ஜிபிடி பொதுமக்கள் கைக்கு வந்ததே 2022 நவம்பரில்தான். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் எழுதிய அட்டவணையில் அதற்கான தண்டனையைத் தேடுகிறோம். இரண்டும் சதவீதக் குறியோடு வருவதால் வந்த வினை இது. காய்ச்சலும் 100, சர்க்கரையும் 100 என்பதால் ஒரே மாத்திரை கொடுப்போமா?

ஒப்புமை அறிக்கையில் ஒரு வரி சிவப்பாக இருந்தால் பக்கத்திலேயே மூலம் இருக்கும். எந்த இதழ், எந்த ஆண்டு என்று நானும் பார்க்கலாம், மாணவரும் பார்க்கலாம். "சார், இது மேற்கோள், குறி போட மறந்துவிட்டேன்" என்று அவர் சொன்னால் சரிபார்க்கலாம். தற்செயலாக 14 சொற்கள் வரை தொடர்ந்து ஒத்துப்போனால் விட்டுவிடலாம் என்றுகூட அந்த ஒழுங்குமுறை சொல்கிறது. அதாவது சாட்சி இருக்கிறது, குறுக்கு விசாரணைக்கும் இடம் இருக்கிறது. ஏஐ கண்டறியும் கருவி தரும் தாளில் மூலம் என்று எதுவும் கிடையாது. இருக்கவும் முடியாது, ஏனென்றால் அது எதோடும் ஒப்பிடவில்லை.

பிறகு என்னதான் செய்கிறது? 'ஆடிக் காற்றில்' என்று தொடங்கிவிட்டு நிறுத்துகிறேன். அடுத்து வரப்போவது அம்மி என்று நீங்கள் சொல்லிவிடுவீர்கள். அதுவே 'ஆடிக் காற்றில் வங்கிக் கணக்கு' என்று ஒருவர் எழுதினால் நிமிர்ந்து பார்ப்பீர்கள். சாட்ஜிபிடி போன்றவற்றுக்குள் இருக்கும் மொழி மாதிரிகளின் வேலையே அடுத்த சொல்லை ஊகிப்பதுதான். ஒரு பத்தியை மாதிரிக்குக் கொடுத்து, சொல்லுக்குச் சொல் அது எவ்வளவு திகைத்தது என்று கணக்கிடலாம். திகைப்பு குறைவு என்றால் எந்திரம் எழுதியிருக்கலாம் என்பது ஊகம். இரண்டாவது அளவு ஏற்ற இறக்கம். மனிதர்கள் ஒரு வாக்கியத்தை நீட்டுவார்கள், அடுத்ததை மூன்று சொல்லில் முடிப்பார்கள். எந்திரம் சமமாக நடக்கும் என்று ஒரு நம்பிக்கை. 2023 ஜனவரியில் பிரின்ஸ்டன் மாணவர் எட்வர்ட் தியன் வெளியிட்ட ஜிபிடிஜீரோ என்ற கண்டறியும் கருவி இந்த இரண்டையும் வைத்துத்தான் பெயர் வாங்கியது. அதன் பின் வந்தவை பெரும்பாலும் மனித எழுத்தையும் எந்திர எழுத்தையும் மூட்டை மூட்டையாகக் காட்டிப் பழக்கிய வகைப்படுத்திகள், அதாவது இரண்டையும் பிரித்துச் சொல்லும் நிரல்கள். கல்லூரிகள் பயன்படுத்தும் டர்னிடின் என்ற சோதனை மென்பொருள், கட்டுரையைச் சில நூறு சொற்கள் கொண்ட துண்டுகளாக வெட்டி, வாக்கியத்துக்கு வாக்கியம் மதிப்பெண் போட்டுக் கூட்டுகிறது. வழி எதுவானாலும் முடிவில் கிடைப்பது 'இப்படிப்பட்ட நடை எந்திரத்துக்கு வழக்கம்' என்ற அபிப்பிராயம்தான்.

இதன் கோளாறு எங்கே என்று ஆய்வேடு படிக்கிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆய்வேட்டின் இரண்டாம் இயல் முன்னாய்வுகளின் தொகுப்பு. 'இன்னார் இந்த ஆண்டில் இதை ஆராய்ந்தார், இத்தனை பேரிடம் தகவல் திரட்டினார், இந்த முடிவுக்கு வந்தார்' என்று பத்திக்குப் பத்தி ஒரே அச்சு. அப்படித்தான் எழுத வேண்டும் என்று நாமே சொல்லிக் கொடுக்கிறோம். பள்ளியில் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று சட்டகம் போட்டுப் பழகிய கை, கல்லூரியில் ஆங்கில வாக்கியங்களை மனப்பாடம் செய்து தேறிய கை. அதில் திகைப்புக்கு எங்கே போவது? ஆய்வேடுகளின் நன்றியுரைப் பக்கத்தை இந்தத் தளங்களில் போட்டுப் பாருங்கள். நெறியாளருக்கு நன்றி, துறைத் தலைவருக்கு நன்றி, பெற்றோருக்கு நன்றி. என் அனுபவத்தில் அவை அநேகமாக எந்திரத்தின் கணக்கில்தான் சேர்கின்றன.

அந்த மாணவி பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவர். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட ஒரு கட்டுரை இவரைப் போன்றவர்களுக்காகவே எழுதியதுபோல் இருக்கும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வில் எழுதிய 91 கட்டுரைகளை 7 கருவிகளுக்குக் கொடுத்தார்கள். சராசரியாக 61 சதவீதத்தை எந்திரம் எழுதியதாகக் கருவிகள் சொல்லின. அமெரிக்க எட்டாம் வகுப்பு மாணவர்களின் கட்டுரைகளையோ ஏறக்குறைய சரியாக இனம் கண்டன. அதே டோஃபல் கட்டுரைகளைச் சாட்ஜிபிடியிடம் கொடுத்துச் சொல்வளத்தைக் கூட்டச் சொன்னபோது பொய்க் குற்றச்சாட்டு 12 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. சொந்தமாக எழுதினால் எந்திரம், எந்திரத்திடம் கொடுத்து வாங்கினால் மனிதன்!

கருவி செய்தவர்களே என்ன சொன்னார்கள் என்றும் பார்க்கலாம். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ 2023 ஜனவரி கடைசியில் கண்டறியும் கருவி ஒன்றை வெளியிட்டது. எந்திர எழுத்தில் 26 சதவீதத்தை அது சரியாகப் பிடிக்கும், மனித எழுத்தில் 9 சதவீதத்தைத் தவறாகப் பிடிக்கும் என்று நிறுவனமே அறிவித்தது. ஒரு வகுப்பில் 100 கட்டுரைகள், அவற்றில் 20 எந்திரம் எழுதியவை என்று வைத்துக்கொள்ளுங்கள். 20-இல் 5 சிக்கும். மிச்சமுள்ள 80-இல் 7 பேர் செய்யாத தப்புக்கு மாட்டுவார்கள். குற்றவாளிக் கூண்டில் நிற்கும் 12 பேரில் 7 பேர் நிரபராதிகள். துல்லியம் போதவில்லை என்று அந்த ஜூலையிலேயே கருவியைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

இன்றைய கருவிகள் அதைவிடத் தேறியவை, மறுக்கவில்லை. பொய்க் குற்றச்சாட்டு 1 சதவீதத்துக்கும் குறைவு என்று டர்னிடின் சொன்னது. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் அதையே எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டது. 2022-இல் அங்கே சோதனைக்கு வந்தவை 75,000 தாள்கள். ஒரு சதவீதம் என்றால் 750. அந்த 750 பேருக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்து 2023 ஆகஸ்டில் அந்த வசதியை அணைத்துவிட்டார்கள்.

சரி, அன்றைய கதைக்கு வருகிறேன். நெறியாளர் கெட்டவர் இல்லை. கையெழுத்துப் போட்ட பிறகு விவகாரம் ஆனால் தன் தலை உருளும் என்ற பயம் அவருக்கு. இருவரையும் உட்காரச் சொன்னேன். முதலில் மாணவியிடம், "எங்காவது ஏஐ உதவி எடுத்தீர்களா அம்மா?" என்று கேட்டேன். ஆய்வுச் சுருக்கத்தையும் இரண்டாம் இயலில் சில பத்திகளையும் இலக்கணம் திருத்தும் செயலியில் போட்டதாகச் சொன்னார். எந்தப் பத்திகள் என்றும் காட்டினார்.

பிறகு ஆய்வேட்டுக்குள் போனோம். மாதிரியாக 120 குடும்பங்கள் என்று முறையியல் சொல்கிறது, அட்டவணையில் 112 தான் இருக்கிறது, மீதி 8 எங்கே என்று கேட்டேன். அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். முதல் சுற்று கோடையில் போனதாம். இரண்டாம் சுற்றுக்குப் போனபோது மழை தொடங்கி உப்பு வாருவது நின்றுவிட்டது. எட்டுக் குடும்பங்கள் வீட்டைப் பூட்டிவிட்டுக் கட்டட வேலைக்கு வெளியூர் போய்விட்டன. பையிலிருந்து களக் குறிப்பேடுகளை எடுத்து வைத்தார். ஓரம் சுருண்ட, உப்புநீர் பட்டு மை பரவிய நோட்டுகள். பூட்டிய வீடுகளின் தேதிகள் அதில் இருந்தன. பதினைந்து நிமிடம் ஆகியிருக்கும். நெறியாளர் அந்தச் சிவப்பெழுத்துத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மாணவர்கள் எல்லோரும் யோக்கியர்கள் என்று சொல்ல வரவில்லை. முழு இயலையும் எந்திரத்திடம் வாங்கிக்கொண்டு வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களைக் காட்டிக் கொடுத்தது எந்தச் சதவீதமும் இல்லை, மேற்கோள் பட்டியல். ஆசிரியர் பெயர், இதழ், பக்க எண் எல்லாம் அச்சுப்பிசகாமல் இருக்கும், இணையத்தில் ஒவ்வொரு கட்டுரைக்கும் தனியாகத் தரப்படும் டி.ஓ.ஐ. எண்ணைத் தட்டினால் வேறெதோ கட்டுரை திறக்கும், அல்லது எதுவுமே திறக்காது. இல்லாத கட்டுரையைப் படித்ததாக எழுதியிருப்பவர் விளக்கம் சொல்லியே ஆக வேண்டும். நூலகருக்கு இது பழக்கமான வேலை, பத்து மேற்கோள்களை எடுத்துப் பார்த்தால் போதும்.

இன்னொரு வகை, வளாகத்துக்கு வெளியே ஜெராக்ஸ் கடைகளில் நடக்கிறது. 'ஏஐ நீக்கித் தரப்படும்', பக்கத்துக்கு இவ்வளவு. எந்திர எழுத்தை இன்னோர் எந்திரத்தில் போட்டுச் சொல்லை மாற்றித் தருகிறார்கள். இந்த வித்தை புதிதில்லை. 2021-இலேயே கணினி அறிவியல் இதழ்களில் 'ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்' என்ற தொடர் 'கவுன்டர்ஃபிட் கான்ஷியஸ்னஸ்' ஆகி, அதாவது செயற்கை நுண்ணறிவு கள்ள உணர்வாகி, அச்சேறியிருந்ததை ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். காசு கொடுத்தவன் சோதனையைத் தாண்டிவிடுகிறான், உப்பளத்தில் நின்று எழுதியவள் மாட்டிக்கொள்கிறாள்.

நெறியாளர்களிடம் நான் தனியாகக் கேட்டுக்கொள்வது ஒன்று உண்டு. வெளியாகாத ஆய்வேட்டை இலவசத் தளங்களில் ஒட்டாதீர்கள். அந்த எழுத்து எங்கே சேமிக்கப்படுகிறது, யார் கைக்குப் போகிறது என்பது உங்கள் பிடியில் இல்லை. மாணவர்களிடம் சொல்வது வேறு: வரைவுகளை அழிக்காதீர்கள். கூகுள் டாக்ஸில் எழுதினால் திருத்தங்களின் வரலாறு தானாகவே சேரும்; வேர்டில் எழுதினால் வாரத்துக்கு ஒரு நகலைத் தேதியோடு வையுங்கள். எந்தக் கருவியை எதற்குப் பயன்படுத்தினீர்கள் என்று ஒரு பக்கத்தில் குறித்து, கேட்பதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.

இந்த ஆண்டு எங்கள் சான்றிதழ்ப் படிவத்தில் புதிதாக ஒரு கட்டம் முளைத்திருக்கிறது: 'ஏஐ சதவீதம்'. அலுவலகத்தில் யாரோ ஒப்புமைக் கட்டத்துக்குக் கீழே அதே அளவில் சேர்த்திருக்கிறார்கள். அந்தக் கட்டத்தில் நான் எண் எழுதுவதில்லை. 'ஆய்வாளரிடம் நேரில் கேட்கப்பட்டது. வரைவுகளும் மேற்கோள்களும் பார்க்கப்பட்டன' என்று எழுதித் தேதி போடுகிறேன். கட்டம் சிறியது, எழுத்து வெளியே வழிகிறது. பிரிவு எழுத்தர் இரண்டு முறை திருப்பி அனுப்பினார். மூன்றாம் முறை அனுப்பவில்லை.