எல்ஸில் போய் விழுவது யார்?

புதுச்சேரியில் வெப் புரோகிராமிங் கற்றுத்தருகிறேன். நிபந்தனை சரியென்றால் ஒன்று (இஃப்), இல்லையென்றால் வேறொன்று (எல்ஸ்) செய்யச் சொல்லும் இஃப்-எல்ஸ் பாடம் முடிந்ததும் மாணவர்களுக்கு நான் கொடுக்கும் பயிற்சி, பில் போடும் பக்கம். கடை புதுச்சேரியில். சரக்கு கடலூருக்கும் போகும். ஜிஎஸ்டி வரியில், ஒரே மாநிலத்துக்குள் என்றால் மத்திய அரசின் பங்கான சிஜிஎஸ்டி, மாநிலத்தின் பங்கான எஸ்ஜிஎஸ்டி. எல்லை தாண்டினால் இரண்டுக்கும் பதிலாக ஐஜிஎஸ்டி.

பலரும் முதலில் பின்கோடைத்தான் பிடிப்பார்கள். 605-இல் தொடங்கினால் புதுச்சேரி, மற்றதெல்லாம் தமிழ்நாடு. புதுச்சேரிக்கு 605001, கடலூருக்கு 607001 என்று போட்டுப் பார்த்தால் சரியாகவே வரும். ஆனால் 605602 விழுப்புரம், தமிழ்நாடு. 607402 பாகூர், புதுச்சேரி. காரைக்கால் 609602, மாஹே 673310, ஏனாம் 533464; இவையும் புதுச்சேரிதான். கடிதம் போய்ச் சேர்வதற்காகப் பிரித்த எண்ணை வைத்து மாநிலத்தை முடிவு செய்ய முடியாது. இஃப் எழுதுமுன் எந்தத் தகவல் உண்மையில் முடிவு செய்கிறது என்று பார்க்க வேண்டும். இங்கே வாங்குபவரின் ஜிஎஸ்டி எண்ணில் மாநிலத்தைக் குறிக்கும் முதல் இரண்டு இலக்கங்கள் நல்ல தொடக்கம்: தமிழ்நாடு 33, புதுச்சேரி 34. சரக்கு எங்கே போகிறது என்பதும் சேரும். அதை ஆடிட்டரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுத வேண்டும்.

அப்புறம் ஒப்பீடு. படிவத்திலிருந்து வருவது எப்போதும் எழுத்துச் சரம்; இலக்கமாகத் தெரிந்தாலும் அது எண் அல்ல, எழுத்துகளின் தொடர். ஜாவாஸ்கிரிப்டில் அதன் முதல் இரண்டு இலக்கங்களை 34 என்ற எண்ணோடு, வகையும் ஒன்றா என்று பார்க்கும் === போட்டு ஒப்பிட்டால் ஒருநாளும் பொருந்தாது; பக்கத்துத் தெருக்காரருக்கும் ஐஜிஎஸ்டி விழும். அவசரத்தில் ஒற்றை = போட்டுவிட்டால் அது ஒப்பிடாது, அந்த இலக்கங்களை வைத்திருக்கும் மாறியின் மதிப்பையே "34" என்று மாற்றிவிடும். நிபந்தனை எப்போதும் உண்மையாகி, கடலூர்க்காரருக்கும் உள்ளூர் வரி. மதிப்பை மாற்ற அனுமதிக்கும் லெட் போட்டு அறிவித்த மாறி என்றால் பிழைச்செய்தியும் வராது. பில் அழகாக அச்சாகும். இதுதான் எனக்குக் கவலை.

அதைவிடக் கவலை, எல்ஸ். நாம் யோசிக்காத எல்லாரும் அங்கேதான் போய் விழுகிறார்கள். நேரில் வந்து, ஜிஎஸ்டி எண்ணும் முகவரியும் தராமல் சாமான் வாங்கிப் போகிறவருக்கு உள்ளூர் வரிதான். ஆனால் காலியாக விட்ட பெட்டி "34" இல்லையே! அவர் நேராக ஐஜிஎஸ்டிக்குப் போய்விடுகிறார்.

அதனால் வரிசை முக்கியம். முதலில் காலியா என்று பாருங்கள். அடுத்து 34. அதன்பின் மற்ற மாநிலங்களின் குறியீட்டுப் பட்டியல். கடைசி எல்ஸில் வரி எதுவும் போடாமல், எண்ணைச் சரிபார்க்கச் சொல்லி நிறுத்துங்கள். 34-ஐ 43 என்று மாற்றித் தட்டியவர் அங்கே பிடிபடுவார். எண்ணுக்கு முன்னால் தெரியாமல் ஒரு இடைவெளி விழுந்திருந்தாலும் முதல் இரண்டு எழுத்து மாறிப்போகும். எல்லா இஃப்-க்கும் முன்னால், ஓரத்து இடைவெளிகளை வெட்டும் ட்ரிம் போட்டுவிடுங்கள்.