கரையில் கட்டிய படகை இழுப்பது எது?

இங்கிலாந்தின் குறுகிய கால்வாய்களில் விடுமுறையைக் கழிப்பவர்கள் மாலையில் படகைக் கரையோரம் கட்டிவிட்டு உள்ளே தேநீரோடு அமர்ந்திருக்கும்போது இன்னொரு படகு கடந்து போவது வழக்கம். அலை என்று சொல்லத்தக்க எதுவும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கரையின் இரும்புத் தடுப்பில் விரல் அகலத்துக்குப் புதிய ஈரக்கோடு ஒன்று தென்படும். தண்ணீர் அந்த அளவு இறங்கியிருக்கிறது. அடுத்த நொடியில் கயிறு முனகும், கட்டிய படகு வருகிற படகை நோக்கி நகரும், மேசைமேல் கோப்பை நழுவும். வந்த படகு கடந்ததும் இதே இழுப்பு எதிர்த்திசையில் நடக்கும். கட்டிய படகுகளைக் கடக்கும்போது வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று வாடகைப் படகைக் கொடுப்பவர்கள் சொல்லி அனுப்புவதைப் பலரும் வெறும் மரியாதையாக எடுத்துக்கொள்கிறார்கள். அதற்குப் பின்னால் இருப்பது நீரியல்.

இந்தப் படகுகள் ஏறத்தாழ 2.1 மீட்டர் அகலமே உள்ளவை. 1760களில் பொறியாளர் ஜேம்ஸ் பிரிண்ட்லி டிரென்ட்-மெர்சி கால்வாய்க்குத் திட்டமிட்டபோது, படகை ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றி இறக்கும் ‘லாக்’ தொட்டிகளை 7 அடி அகலத்தில் அமைத்தார். அந்த அளவே பின்னர் மத்திய இங்கிலாந்தின் பல கால்வாய்களுக்குப் பரவியது. சரக்கு ஏற்றிய காலம் முடிந்து, இன்று அதே அளவில் படுக்கை, அடுப்பு, குளியலறையோடு விடுமுறைப் படகுகள் ஓடுகின்றன. கடலிலோ ஏரியிலோ படகு தண்ணீரில் மிதக்கும் ஒரு துரும்பு. கால்வாயிலோ படகு, குழாய்க்குள் நகரும் அடைப்பானைப் போன்றது. மற்ற எல்லாம் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து பிறக்கிறது.

கணக்கிட்டுப் பார்க்கலாம். கால்வாய் 10 மீட்டர் அகலமும் 1.2 மீட்டர் ஆழமும் உடையது என்று கொண்டால் அதன் குறுக்குப் பரப்பு 12 சதுர மீட்டர். 0.6 மீட்டர் ஆழம் மூழ்கும் படகு அதில் சுமார் 1.25 சதுர மீட்டரை அடைத்துக்கொள்கிறது. படகு முன்னே போகும்போது அது இடம்பெயர்த்த தண்ணீர், மிச்சமிருக்கும் இடுக்கு வழியே பின்னோக்கி ஓட வேண்டும். இடுக்கு குறுகினால் ஓட்டம் விரையும். ஓட்டம் விரைந்தால் அழுத்தம் குறையும். தண்ணீரின் மேற்பரப்பு திறந்து கிடப்பதால் குறைந்த அழுத்தம் மட்டம் தாழ்வதாக வெளிப்படுகிறது. தாழ்ந்த மட்டம் இடுக்கை மேலும் குறுக்க, ஓட்டம் மேலும் விரைகிறது. ஒன்றையொன்று வளர்க்கும் இந்தச் சுழற்சியையும் சேர்த்துக் கணக்கிட்டால், கால்வாய்களின் பொதுவான உச்சவரம்பான மணிக்கு 4 மைல் (6.4 கி.மீ.) வேகத்தில் நீர்மட்டம் சுமார் 7 சென்டிமீட்டர் இறங்கும். வேகத்தைப் பாதியாக்கினால் இறக்கம் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல். பாதி வேகத்துக்கு ஆறில் ஒரு பங்கு இறக்கம்தான் என்பதால், மரியாதைக்காகக் குறைப்பவர் தாம் நினைப்பதைவிடப் பெரிய உதவி செய்கிறார்.

இதே கால்வாயில் மணிக்கு ஏழரை கிலோமீட்டரை நெருங்கும்போது பின்னோட்டம் அந்த இடுக்கில் அடங்காமல் போய்விடும். விசையை எவ்வளவு முடுக்கினாலும் படகின் அமரம் (பின்முனை) பள்ளத்தில் அமுங்கி, கரை அரிபடுவதே மிச்சம், வேகம் கூடாது. ஆழம் குறைந்த தண்ணீரில் அலைக்கும் ஓர் எல்லை வேகம் உண்டு. 1.2 மீட்டர் ஆழத்தில் அது மணிக்கு ஏறத்தாழ 12 கி.மீ. 1834இல் ஸ்காட்லாந்தின் யூனியன் கால்வாயில் பொறியாளர் ஜான் ஸ்காட் ரஸ்ஸல் கண்ட காட்சி இதோடு தொடர்புடையது. இரண்டு குதிரைகள் இழுத்துவந்த படகு திடீரென்று நின்றது. அது திரட்டிவைத்திருந்த தண்ணீரோ நிற்காமல், ஓரடி ஒன்றரை அடி உயர ஒற்றைக் குன்றாக, வடிவம் மாறாமல் மணிக்கு எட்டு, ஒன்பது மைல் வேகத்தில் கால்வாயில் ஓடியது. குதிரையில் ஏறி ஒன்றிரண்டு மைல் துரத்திய பிறகே அவர் அதைத் தவறவிட்டார். இன்று சாலிட்டான் என்று அழைக்கப்படும் தனியலையைப் பற்றிய முதல் பதிவு அதுவே. கண்ணாடி இழைத் தகவல் தொடர்பு வரை போன அந்த ஆராய்ச்சி ஒரு கால்வாய்க் கரையில் தொடங்கியது என்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் செய்தி.

கட்டிய படகுக்குத் திரும்புவோம். கடந்து செல்லும் படகு நீர்ப்பள்ளம் ஒன்றைத் தன்னோடு இழுத்து வருகிறது. 7 சென்டிமீட்டர் இறக்கம் 10 மீட்டர் தூரத்தில் அமைந்தால் தண்ணீரின் மேற்பரப்பு மிக இலேசான சரிவாகிறது. 15 டன் படகு அந்தச் சரிவில் நிற்கும்போது அதை இழுக்கும் விசை நூறு கிலோ எடைக்குச் சமம். பெரிதாகத் தோன்றாத அந்த விசை நான்கு நொடி இழுத்தால், கட்டு தளர்வாக இருக்கும் படகு நொடிக்கு ஏறத்தாழ 27 சென்டிமீட்டர் வேகத்தைப் பெற்றுவிடும். பிறகு கயிறு விறைத்து, இரண்டு சென்டிமீட்டருக்குள் அதை நிறுத்த நேர்ந்தால், கயிற்றிலும் முளையிலும் விழும் சராசரி விசை ஏறத்தாழ மூன்று டன். நூறு கிலோ இழுப்பு மூன்று டன் வெட்டி இழுப்பாக மாறுவதற்குக் காரணம் கயிற்றின் தொய்வு. ஈரமண்ணில் அறைந்த முளை பிடுங்கிக்கொள்வதும் இதனால்தான். நீளும் தன்மையுள்ள நைலான் கயிறு 20 சென்டிமீட்டர் இடங்கொடுத்தால் அதே வெட்டு பத்தில் ஒன்றாகக் குறையும்.

ஆனால் தொய்வை எடுத்தால் மட்டும் போதாது. கயிறு போகும் கோணமே பாதிக் காரியம். புதிதாக வந்தவர்கள் படகின் முன்முனையான அணியத்திலிருந்து ஒரு கயிறும் அமரத்திலிருந்து ஒரு கயிறும் கரைக்கு நேர் செங்குத்தாக இழுத்து, மாட்டை முளையில் கட்டுவது போல் கட்டிவிடுவார்கள். இரண்டு மீட்டர் நீளமுள்ள அத்தகைய கயிறு வெறும் 6 சென்டிமீட்டர் நீண்டாலே படகு முன்னும் பின்னும் அரை மீட்டர் ஊசலாட முடியும். கயிறு கரையை ஒட்டிச் சாய்வாகப் போனால்தான் படகின் நீளவாட்டு இழுப்பை நேரடியாகத் தாங்கும். ஆகவே அணியக் கயிற்றை முன்னோக்கியும் அமரக் கயிற்றைப் பின்னோக்கியும் சாய்ப்பார்கள். போக்குவரத்து மிகுந்த இடங்களில் அவற்றுக்கு எதிர்த்திசையில் சாயும் கயிறுகளையும் சேர்ப்பார்கள். ‘ஸ்பிரிங்’ என்று அவற்றுக்குப் பெயர். பள்ளம் முதலில் ஒரு பக்கமும் பிறகு மறுபக்கமும் இழுப்பதால், இரு திசைக்கும் காவல் தேவைப்படுகிறது.

கூரையின் நடுவில் இருக்கும் கயிறு படகைக் கரைக்கு இழுத்துச் சேர்க்கும்போது மிக உதவியானது. இரவு முழுவதும் அதிலேயே கட்டிவைப்பது தவறு. கயிறு கூரை உயரத்தில் பிடிக்க, தண்ணீர் கீழே இழுப்பதால், படகு நகர்வதற்குப் பதில் சாயும். முளையின் தலையில் முடிச்சிட்டால் முளைக்கும் அதே கதிதான். நெம்புகோல் நீளமாகிச் சாய்ந்துவிடும். தரையை ஒட்டிக் கட்ட வேண்டும், முளையையும் படகுக்கு எதிர்ப்புறம் சாய்த்து அறைய வேண்டும்.

படகை நிறுத்தும்போது கம்பத்தில் கயிற்றைச் சுற்றுவதில் உள்ள நயத்தையும் சொல்ல வேண்டும். பிடித்து நிறுத்துவது கையின் வலிமை அன்று, கம்பத்தில் கயிறு உரசும் உராய்வு. கணிதவியலாளர் ஆய்லர் கண்ட விதிப்படி, ஒவ்வொரு சுற்றுக்கும் பிடிப்பு கூட்டலாக அன்றிப் பெருக்கலாக வளர்கிறது. உராய்வுக் கெழு 0.25 என்றால் இரண்டு முழுச் சுற்றில் அது 23 மடங்காகும். 20 கிலோ இழுக்கும் கை 460 கிலோவை அடக்கும். கையில் சுற்றிக்கொள்ளாமல் கம்பத்தில் சுற்றுங்கள் என்று பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்வது, விரல்கள் போன கதைகள் பல இருப்பதால்.

இதுவரை சொன்னவை எல்லாம் இறுக்கமாகக் கட்டுவதற்கு ஆதரவானவை. இறுக்கம் ஆபத்தாகும் இடங்களும் உண்டு. ஆற்றில் மழைநீர் வந்தால் மட்டம் உயரும். அங்கே அணியத்தை நீரோட்டத்துக்கு எதிராக நிறுத்தி, உயர்வுக்கு இடம்விட்டுக் கட்ட வேண்டும். லாக்கின் உள்ளே படகு இறங்கும்போது கயிற்றை முடிச்சிடவே கூடாது. தண்ணீர் கீழே போய்விடும், படகு கயிற்றில் தொங்கும்.

அடுத்தடுத்து அமைந்த இரண்டு லாக்குகளுக்கு இடைப்பட்ட குட்டையான கால்வாய்த் துண்டு இன்னும் வஞ்சகமானது. 22 மீட்டர் நீளம், 2.2 மீட்டர் அகலம், இரண்டரை மீட்டர் இறக்கம் உள்ள ஒரு லாக்கை ஒருமுறை நிரப்ப 1,20,000 லிட்டர் தேவை. அந்தத் துண்டு 100 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உடையது என்றால், கீழ்ப்பக்க லாக்கை ஒரே ஒருமுறை நிரப்பினால் அதன் மட்டம் 12 சென்டிமீட்டர் இறங்கும். மேலிருந்து தண்ணீர் விடாமல் இரண்டு மூன்று படகுகள் கீழே போனாலோ, பழைய கதவு இரவெல்லாம் கசிந்தாலோ, பள்ளத்துக்கு அஞ்சி இறுக்கிக் கட்டியவரின் படகு விடியற்காலையில் ஒருபுறம் சேற்றில் அமர்ந்து, மறுபுறம் கயிற்றில் சாய்ந்து கிடக்கும். அங்கே எந்த முடிச்சும் உதவாது. அனுபவமுள்ளவர்கள் இருட்டுவதற்குள் கடைசி லாக்கையும் தாண்டி, நீண்ட துண்டுக்குப் போய்க் கட்டுகிறார்கள்.