ஒரு சுவிட்ச், நாலு நெட்வொர்க்

காட்பாடி காந்தி நகர்ப் பக்கம் பலர் வீடு கட்டும்போதே மாடியை வாடகைக்கு விடுவதை மனதில் வைத்து, படிக்கட்டை வெளியே போட்டுவிடுகிறார்கள். விஐடி மாணவர்களோ, சிஎம்சியில் சிகிச்சைக்காக வங்காளத்திலிருந்து வந்து தங்குகிற குடும்பமோ, யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். தண்ணீர் எப்படி, கரண்ட் எப்படி என்று கேட்டு முடித்ததும் அடுத்த கேள்வி வைஃபை. வீட்டுக்காரரும் பாஸ்வேர்டைச் சொல்லிவிடுவார். அதோடு மாடி லேப்டாப், கீழ்வீட்டு ஹார்ட்டிஸ்க், வாசல் கேமரா, வீட்டுப் பையன் லினக்ஸ் பழக வைத்திருக்கும் பழைய கம்ப்யூட்டர் எல்லாம் ஒரே நெட்வொர்க்குக்குள் வந்துவிடும்.

ஒரே நெட்வொர்க்கில் இருப்பது என்றால், ஒரு கருவி போடும் சத்தம் மற்ற எல்லாக் கருவிக்கும் கேட்கும் என்று பொருள். லேப்டாப்புக்கு ஒரு கருவியின் ஐபி முகவரி மட்டும் தெரியும். ஆனால் ஒயரில் அனுப்ப, அந்தக் கருவியின் நெட்வொர்க் பகுதிக்கே உரிய எண்ணான மேக் முகவரி வேண்டும். அதனால் "இந்த ஐபி யாருடையது?" என்று, ஐபியை வைத்து மேக் முகவரியைக் கண்டுபிடிக்கும் முறையான ஏஆர்பி வழியாக எல்லாருக்கும் கேள்வி போடும். ஒயரில் போகும் அந்தத் தகவல் கட்டில், அதாவது ஃபிரேமில், பெறுநர் முகவரியின் 48 பிட்டும் 1 ஆகவே இருக்கும். அதைப் பார்த்ததும், கருவிகளின் ஒயர்களை இணைக்கும் பெட்டியான சுவிட்ச் மற்ற எல்லா போர்ட்டுக்கும் அனுப்பிவிடும். தனக்கு ஒரு ஐபி முகவரி தரச் சொல்லி டிஎச்சிபி வழியாகக் கேட்பதும் இப்படித்தான். கேள்விக்குத் தப்பான ஆள் பதில் சொன்னால் கேட்டவர் நம்பிவிடுவார் என்பதுதான் சிக்கல்.

நாலு சுவிட்ச் வாங்கி, நாலு தனி ஒயர் இழுத்தால் பிரித்துவிடலாம். அந்தச் செலவில்லாமல் ஒரே சுவிட்சுக்குள் பிரிக்கிற வழிதான் வீலேன் (VLAN). ஒயர் நெட்வொர்க் முறையான ஈதர்நெட்டை எப்படிப் பெரிதாக்குவது என்று 1980களில் பெல்கோர் நிறுவனத்தில் டேவிட் சின்கோஸ்கி யோசித்ததில் தொடங்கியது இது. 1998இல் 802.1கியூ என்ற தரநிலையானது.

ஃபிரேமில் அனுப்புநர் மேக் முகவரிக்கு அடுத்தபடியாக 4 பைட் செருகுவார்கள். இதற்குப் பெயர் டேக். முதல் 2 பைட்டில் 8100 என்ற பதினாறடிமான எண், "இதில் டேக் இருக்கிறது" என்பதற்கு அடையாளம். மீதி 16 பிட்டில் 3 முன்னுரிமைக்கு, 1 நெரிசலில் இதைத் தூக்கிப் போடலாமா என்பதற்கு, 12 வீலேன் எண்ணுக்கு. 12 பிட்டில் 4096 எண்கள் வரும். 0ஐயும் 4095ஐயும் கழித்தால் 4094. நமக்கு வேண்டியது நாலே நாலு. வீட்டுக்கு 10, மாடிக்கு 20, கேமராவுக்கு 30, பையனின் பழைய கம்ப்யூட்டர் இருக்கும் லேபுக்கு 40 என்று வைத்துக்கொள்வோம்.

மாடி லேப்டாப்புக்கு இந்த டேக்கெல்லாம் தெரியாது, தெரியவும் வேண்டாம். 5ஆவது போர்ட்டில் வெறும் ஃபிரேம் வந்தால் 20 என்று கணக்கில் எடுத்துக்கொள்வதும், வெளியே விடும்போது டேக்கைக் கழற்றி விடுவதும் சுவிட்சின் வேலை. இது ஆக்சஸ் போர்ட். சுவிட்சுக்கும் ரவுட்டருக்கும் நடுவில் ஓடுகிற ஒயர் டிரங்க். அதில் நாலு வீலேனும் டேக்கோடுதான் போகும்.

விலை குறைந்த ஸ்மார்ட் சுவிட்சுகளில் இங்கே ஒரு கண்ணி உண்டு. போர்ட் எந்த வீலேனில் உறுப்பினர் என்பது ஒரு பக்கம். உள்ளே வரும் டேக் இல்லாத ஃபிரேமுக்கு எந்த எண் என்பது, அதாவது பிவிஐடி, இன்னொரு பக்கம். முதலாவதை மட்டும் 20 ஆக்கிவிட்டு இரண்டாவதை 1இலேயே விட்டுவிட்டால், 20இலிருந்து லேப்டாப்புக்குப் போகும். லேப்டாப்பிலிருந்து வருவது 1க்குள் போய் விழும். டிஎச்சிபி பதில் வராமல் லேப்டாப் தானே 169.254 என்று தொடங்கும் ஒரு முகவரியைப் போட்டுக்கொள்ளும். அந்த எண்ணைப் பார்த்தால் முதலில் பிவிஐடியைப் பாருங்கள், ஒயரை அப்புறம் மாற்றலாம்.

சரி, பிரித்தாயிற்று. ஒவ்வொரு வீலேனுக்கும் ஒரு சப்நெட், அதாவது தனி ஐபி முகவரித் தொகுப்பு: 192.168.10.0/24, 192.168.20.0/24 என்று வீலேன் எண்ணையே மூன்றாவது இடத்தில் போட்டால் நினைவில் நிற்கும். இப்போது மாடியில் 192.168.20.15இல் இருக்கும் லேப்டாப், 192.168.30.4இல் இருக்கும் கேமராவைத் தேடுகிறது என்று வையுங்கள். /24 மாஸ்க், அதாவது முதல் 24 பிட்தான் நெட்வொர்க்கின் எண், என்பதால் முதல் மூன்று எண்ணை ஒப்பிடும். 20 வேறு, 30 வேறு. நம் நெட்வொர்க் இல்லை. எனவே கேமராவின் மேக் முகவரியைக் கேட்பதே இல்லை. வெளியே போகும் வாசலான கேட்வே, அதாவது ரவுட்டரின் 192.168.20.1இன் மேக் முகவரியைக் கேட்டு, அதற்கு அனுப்பும். மேலே ரவுட்டர் பெயர், உள்ளே கேமராவின் ஐபி. சுவிட்ச் 20 என்று டேக் போட்டு டிரங்கில் ஏற்றும். ரவுட்டர் ஃபிரேமைப் பிரித்து, உள்ளே இருக்கும் பாக்கெட்டை எடுத்து, அது இன்னும் எத்தனை ரவுட்டரைத் தாண்டலாம் என்ற கணக்கான டிடிஎல்லில் ஒன்றைக் குறைத்து, தன் ரவுட்டிங் டேபிளைப் பார்க்கும். 30ஆம் நெட்வொர்க் தன்னிடமே இருக்கிறது. புது மேக் முகவரிகளோடு, 30 என்ற டேக்கோடு, வந்த அதே ஒயரில் திருப்பி அனுப்பும்.

கேமரா கிடைத்துவிட்டது! இவ்வளவு பிரித்தும் பாக்கெட் போய்ச் சேர்ந்துவிட்டது. வீலேன் போட்டதும் பாதுகாப்பு வந்துவிட்டதாக நினைத்து நிறையப் பேர் நிறுத்திக்கொள்வது இங்கேதான். தன்னோடு நேரடியாக இணைந்த நெட்வொர்க்குகளுக்கு நடுவே பாக்கெட்டைக் கடத்துவதுதான் ரவுட்டரின் பிழைப்பு. யாரும் தடுக்கச் சொல்லாவிட்டால் கடத்தும். (சாதாரண லினக்ஸில் ஐபி ஃபார்வர்டிங் ஆரம்பத்தில் அணைத்தே இருக்கும்; ரவுட்டராக்க அதை 1 ஆக்கியதுமே இந்தக் கதை தொடங்கிவிடும்.) பிரிப்பது சுவிட்ச், யாரை யாரிடம் விடுவது என்று முடிவு செய்வது ஃபயர்வால். என் கணக்கில் முதல் வேலை அரை மணி நேரத்து வேலை. உட்கார்ந்து யோசிக்க வேண்டியது இரண்டாவதுதான்.

விதி எழுதும்போது எல்லாவற்றையும் மூடிவிட்டு, வேண்டியதைத் திறங்கள். வீட்டிலிருந்து கேமராவுக்குப் புது இணைப்பு போகலாம். கேமராவிலிருந்து வீட்டுக்கு அந்த இணைப்பின் பதில் மட்டும் வரலாம். எது பதில், எது புதுசு என்று ரவுட்டர் கணக்கு வைத்திருப்பதால் இது முடிகிறது. மாடிக்கு இண்டர்நெட் மட்டும் போதும். ஆனால் மாடியிலிருந்து ரவுட்டருக்கே வருவதையும் முழுதாக அடைத்துவிட்டால் டிஎச்சிபியும், இணையதளப் பெயரை ஐபி முகவரியாக்கும் டிஎன்எஸ்ஸும் நின்றுபோகும். அவை இரண்டையும் திறந்து, ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தை மட்டும் மூட வேண்டும். அந்தப் பக்கம் 192.168.10.1 என்ற முகவரியிலும் திறக்கும் என்பதை மறந்துவிடக் கூடாது.

இன்னொரு தலைவலி, திரும்பி வரும் பாதை. ஃபைபர் நிறுவனம் கொடுத்த பெட்டி 192.168.1.1, அதற்குப் பின்னால் நம் ரவுட்டர் 192.168.1.2. பாக்கெட்டில் உள்ள அனுப்புநர் முகவரியை மாற்றாமல் நம் ரவுட்டர் அனுப்பினால், பதில் அந்தப் பெட்டி வரை வந்து நிற்கும். 192.168.20.15 எங்கே இருக்கிறது என்று பெட்டிக்குத் தெரியாது. தெரியாததையெல்லாம் வெளியே அனுப்புவதுதான் அதன் வழக்கம். போன பாக்கெட்டைத் தேடிக்கொண்டு நாம் உட்கார்ந்திருப்போம், தொலைந்தது என்னவோ வந்த பதில். நம் நாலு சப்நெட்டுக்கும் வழி 192.168.1.2 என்று அந்தப் பெட்டியில் நாமே எழுதி வைக்கும் பாதையான ஸ்டாடிக் ரூட் போட வேண்டும். அதில் அந்த வசதி இல்லையென்றால் நம் ரவுட்டரிலும் ஒருமுறை நேட் போட்டு, அனுப்புநர் முகவரியை ரவுட்டரின் முகவரியாக மாற்றி அனுப்ப வேண்டியதுதான். அழகில்லை, ஆனால் வேலை நடக்கும்.

வைஃபைக்கும் இதே கதை. மாடிக்கு ஒரு பெயர், வீட்டுக்கு ஒரு பெயர் என்று வைத்து, ஒவ்வொன்றையும் அதனதன் வீலேனில் சேர்க்கத் தெரிந்த ஆக்சஸ் பாயிண்ட் (வைஃபை பெட்டி) வேண்டும். அதைப் பரணில் வைக்காதீர்கள். வேலூர் மே மாதத்தில் அங்கே மனிதனே நிற்க முடியாது.

எல்லாம் முடிந்த மறுநாள் வீட்டில் ஒரு புகார் வரும்: ஃபோனில் பிரிண்டர் தெரியவில்லை என்று. பிரிண்டர் வேறு வீலேனில் இருந்தால் இப்படித்தான். பிரிண்டர் தன்னை அறிவிப்பது 224.0.0.251 என்ற முகவரியில். அந்த அறிவிப்பு ரவுட்டரைத் தாண்டாது. அந்த அறிவிப்பை அடுத்த வீலேனுக்கும் எடுத்துச் சொல்லும் எம்டிஎன்எஸ் ரிஃப்ளெக்டரை ரவுட்டரில் ஓட்டலாம். அதைவிட, பிரிண்டரை வீலேன் 10க்கே மாற்றிவிடுவது சுலபம்.