கால் தானாகத் திரும்பியது ஏன்?

குடியை விட்டு நாலு மாதம் ஆன ஒருவர், போன மாதம் மனைவியோடு ஓபிக்கு வந்தார். மறுபடி குடித்திருந்தார். (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

"குடிக்கணும்னு நினைக்கவே இல்ல டாக்டர். பஸ்ஸை விட்டு இறங்கினேன். மிளகாய்த்தூள் போட்ட மாங்காய் வாசனை வந்தது. கால் தானா சாராயக் கடைப் பக்கம் திரும்பிடுச்சு."

"எல்லாம் சாக்கு" என்றார் மனைவி. அவர் கோபம் நியாயம்தான். ஆனால் கணவர் சொன்னது சாக்கு இல்லை.

மூளையில் சுரக்கும் டோபமைனை 'இன்ப ரசாயனம்' என்றே எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். நரம்பியல் விஞ்ஞானி வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளிடம் பார்த்தது வேறு. எதிர்பாராமல் வாயில் ஜூஸ் சொட்டியபோது நடுமூளையின் டோபமைன் செல்கள் படபடவெனத் துடித்தன. விளக்கு எரிந்தால் ஜூஸ் வரும் என்று பழகிய பிறகு, அந்தத் துடிப்பு விளக்குக்கே இடம் மாறிவிட்டது. ஜூஸ் வந்தபோது செல்கள் கண்டுகொள்ளவில்லை. விளக்கு எரிந்தும் ஜூஸ் வராவிட்டால், அது வந்திருக்க வேண்டிய நொடியில் வழக்கமான துடிப்பும் அடங்கியது. தயான், மாண்டேக் என்ற இரு ஆய்வாளர்களோடு சேர்ந்து 1997இல் இதற்கு அவர் தந்த விளக்கம்தான் இன்றும் அடிப்படைப் பாடம்: எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை டோபமைன் கணக்கெடுக்கிறது. அதிகமாகக் கிடைத்தால், 'இதற்குச் சற்று முன்னால் என்ன இருந்தது, குறித்துக்கொள்' என்கிறது.

மது டோபமைனை ரசாயன வழியிலேயே கூட்டிவிடும். பத்து வருடக் குடியில், குடிக்கும்போது கூடவே இருந்த மாங்காயை அவருடைய மூளை எத்தனை தடவை குறித்துக்கொண்டிருக்கும்!

எலிகளிலும் இதைப் பார்த்திருக்கிறார்கள். தீனி விழுவதற்குச் சில நொடி முன்னால் ஒரு நெம்புகோல் நீளும். சில எலிகள் நேரே தீனிக் குழிக்குப் போகும். சில எலிகளோ நெம்புகோலையே கடித்துக்கொண்டு நிற்கும், அதைக் கடித்தால் எதுவும் வராது என்றாலும். 2011இல் வந்த ஓர் ஆய்வில் டோபமைனைத் தடுத்தபோது நெம்புகோல் ரக எலிகள்தான் பாடம் கற்கத் திணறின. மனிதர்களிலும் நெம்புகோல் ரகம் உண்டு என்றே, நோயாளிகளைப் பார்த்த வரையில், எனக்குத் தோன்றுகிறது.

போன் மாதிரி இன்பம் தருபவற்றைச் சில நாள் விட்டால் மூளை சுத்தமாகிவிடும் என்று 'டோபமைன் டிடாக்ஸ்' ஒன்று இப்போது கிளம்பியிருக்கிறது. டோபமைன் கழுவிக் கொட்டுகிற அழுக்கில்லை. அது குறைந்தால் வருவது பார்க்கின்சன் நோய். அதே போல, சில வாரம் தள்ளியிருந்தால் மறந்துவிடும் என்பதும் தப்புக்கணக்கு. வார்டில் பலருக்கு ஆசையே வராது. அங்கே மாங்காய் கிடையாதே!

மருந்து ஆசையின் வேகத்தைக் குறைக்கும், எழுதிக் கொடுத்தேன். மற்றதை மூவரும் உட்கார்ந்து பேசினோம். இப்போது அவர் ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி வேறு தெரு வழியாக நடக்கிறார். சம்பள நாளில் மனைவியே பஸ் ஸ்டாப்புக்கு வந்துவிடுகிறார். 'குடிக்காமல் அந்தக் கடை வழியாகப் போய்க் காட்டுகிறேன்' என்ற வீம்பு மட்டும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். வீட்டிலும் கொஞ்ச நாளைக்கு மாங்காய் வாங்க வேண்டாம் என்றேன். சீசன் நேரத்தில் இப்படிச் சொல்லிவிட்டீர்களே என்று மனைவிக்கு என் மேல் கொஞ்சம் வருத்தம்.