மீன் வண்டியின் புகை வடிகட்டி: சட்டம் சொல்வதும் நாம் செய்ய வேண்டியதும்

பாம்பனிலும் மண்டபத்திலும் விடியலில் மீன் ஏற்ற நிற்கும் சரக்கு வேன்களில், ஓட்டுநருக்கு எதிரே சில நாட்களில் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். சைலன்ஸர் போன்ற படம், அதற்குள் புள்ளிகள். வண்டி கெட்டுவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. புகை வடிகட்டியில் கரி நிறைந்து வருகிறது, அதை எரிக்க வழி செய்யுங்கள் என்று வண்டி கேட்கிறது. இது புரியாததால்தான் பலரும் "வடிகட்டியையே கழற்றிவிடலாம்" என்ற பேச்சுக்கு இணங்கிவிடுகிறார்கள்.

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும், வண்டிப் புகைக்கு வரம்பு வைக்கும் பி.எஸ். 6 (பாரத் ஸ்டேஜ் 6) விதி நடைமுறையில் இருக்கிறது. உங்கள் ஆர்.சி.யில் அந்தக் குறிப்பு இருக்கும். டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்கு வெளிவிடும் துகள் 25 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்றது அதற்கு முந்தைய பி.எஸ். 4 விதி, பி.எஸ். 6 அதை 4.5 மில்லிகிராமாகக் குறைத்தது. இவ்வளவு குறைக்க வடிகட்டி இல்லாமல் முடியாது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் அறிவித்தது. ஏலக்கூடத்தில் மணிக்கணக்கில் குந்தி மீன் தரம் பிரிக்கும் பெண்களின் முகத்துக்கு நேராகத்தான் நம் வண்டிகளின் புகைக்குழாய் இருக்கிறது. வடிகட்டியைக் கழற்றலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் அவர்களை நினைக்க வேண்டும்.

கழற்றினால் என்ன ஆகும்? தயாரிப்பாளர் வடிவமைத்த வாகனத்தை அனுமதியின்றி மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. மீறும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் (பிரிவு 182ஏ). மாசு வரம்பை மீறி ஓட்டினால் 190-ஆம் பிரிவின்படி முதல் முறையிலேயே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ விதிக்கலாம். ஓட்டுநர் உரிமமும் மூன்று மாதத்துக்குப் பறிபோகும். உரிமம் இல்லாத மூன்று மாதம் ஒரு மீன் வண்டி ஓட்டுநரின் வீட்டில் என்ன செய்யும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

புகைச் சான்றிதழ் தனி. புது வண்டிக்கு முதல் ஓராண்டு தேவையில்லை. பிறகு பி.எஸ். 4, பி.எஸ். 6 வண்டிகளுக்கு ஆண்டுக்கு ஒரு முறை, அதற்கு முந்தைய வண்டிகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை எடுக்க வேண்டும். கைப்பேசியில் டிஜிலாக்கரில் காட்டினாலும் செல்லும். ஆனால் சான்றிதழ் கையில் இருப்பதால் வடிகட்டியைக் கழற்றியது சரியாகிவிடாது.

இனி பராமரிப்பு. வடிகட்டி என்பது தேன்கூடு போல நுண்ணிய அறைகள் கொண்ட பீங்கான் உருளை. அதில் சேரும் கரி ஏறக்குறைய 600 டிகிரி வெப்பத்தில் எரிந்து போகும். நம் கரையின் சிக்கல் இங்கேதான். இறங்குதளத்திலிருந்து ஐஸ் ஆலைக்கு, அங்கிருந்து ஏலக்கூடத்துக்கு எனக் குட்டிப் பயணங்கள். இடையில் எஞ்சினை அணைக்காமல் நீண்ட காத்திருப்பு. புகைக்குழாய் சூடாகும் முன்பே வண்டி நின்றுவிடுகிறது. மதுரைக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் வண்டிக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் வருவதில்லை.

ஆகவே மஞ்சள் விளக்கு எரிந்தால் நெடுஞ்சாலையில், கையேடு சொல்லும் வேகத்தில், நிறுத்தாமல் இருபது நிமிடமாவது ஓட்டுங்கள். கரி எரியும்போது எஞ்சினை அணைத்தால் வேலை பாதியில் நிற்கும். அப்படி அடிக்கடி நடந்தால் எரியாத டீசல் எஞ்சின் ஆயிலில் கலந்து ஆயில் மட்டம் ஏறும். அளவுகோலில் அதைக் கண்டால் உடனே ஆயிலை மாற்றுங்கள். கரி எரியும்போது குழாய் கடுமையாகச் சுடும். காய்ந்த பனையோலை, பழைய வலைக் குவியல் இவற்றின் மேல் வண்டியை நிறுத்திவிடாதீர்கள். விளக்கு சிவப்பாகிவிட்டால் ஓட்டிப் பார்க்காமல் பணிமனைக்குக் கொண்டுபோங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் சும்மா நிற்கும் வண்டியைத் தினமும் ஐந்து நிமிடம் உறுமவிடுவது பலருக்கு வழக்கம். வடிகட்டிக்கு அது கெடுதல்: குளிர்ந்த எஞ்சின் கரியைத்தான் சேர்க்கும், எரிக்காது. வாரம் ஒரு முறை ராமநாதபுரம் வரை ஒரு நடை போய் வருவது மேல். உப்புக் காற்றில் சென்சார் இணைப்புகள் பச்சை பிடிக்கும். சர்வீஸின்போது அவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கரி எரிந்தாலும் சாம்பல் தங்கும். அது எஞ்சின் ஆயிலிலிருந்து வருவது, எந்தச் சூட்டிலும் போகாது. அதற்கென்று உள்ள கருவியில்தான் சுத்தம் செய்ய வேண்டும். நீர் பீய்ச்சிக் கழுவினால் பீங்கான் பாழாகலாம். சாம்பல் குறைந்த ஆயிலைக் கையேடு குறிப்பிட்டிருக்கும், அதையே ஊற்றுங்கள். கடலில் ஓடும் விசைப்படகுக்கு மோட்டார் வாகன விதிகள் பொருந்தாது, அதன் எஞ்சினும் வேறு. படகுக்கு வாங்கியதில் மிச்சம் இருக்கிறதே என்று அந்த ஆயிலை மட்டும் வண்டியில் ஊற்றிவிடாதீர்கள்.