கிரகணத்தை விடுங்கள், ஃபோலிக் ஆசிட் மாத்திரையை எப்போது தொடங்கினீர்கள்?

தண்டுவடம் மூடாத கரு, இந்த மாதத்தில் நான் பார்ப்பதில் இது மூன்றாவது. 20 வாரம், முதல் குழந்தை. ஸ்கேனில் தலை எலுமிச்சை போல முன்பக்கம் ஒடுங்கி, சிறுமூளை வாழைப்பழம் போல வளைந்திருந்தது (படிக்கும் காலத்தில் இதைப் பழக்கடை என்று சொல்லிச் சிரிப்போம், இப்போது சிரிப்பு வருவதில்லை). முதுகைப் பார்த்தேன், கீழே தண்டுவடம் மூடவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டார்: "கிரகணத்தன்னைக்குக் காய் நறுக்காதேன்னேன், கேட்டாளா டாக்டர்?" அந்தப் பெண் வயிற்றிலிருந்த ஜெல்லைக்கூடத் துடைக்காமல் அழுதுகொண்டிருந்தாள்.

அம்மா, கணக்குப் போடுங்கள். கிரகணம் வந்தது இவளுடைய நாலாம் மாதத்தில். மூளையும் தண்டுவடமும் ஆகப்போகிற அந்தக் குழாய், கரு உருவான 28 நாளுக்குள் மூடியிருக்க வேண்டும், அதாவது நாள் தள்ளிப்போய் இரண்டு வாரத்துக்குள். கிரகணத்துக்கு இரண்டு மாதம் முன்பே முடிந்துபோன விஷயத்துக்குக் கத்தி என்ன செய்யும், சூரியன் என்ன செய்யும்? பப்பாளியும் செய்யவில்லை. அவளும் செய்யவில்லை.

சரி, அந்தக் குழாய் மூட உதவும் வைட்டமின் மாத்திரை? "உறுதியானதுமே ஃபோலிக் ஆசிட் ஆரம்பிச்சுட்டோமே" என்பார்கள். நாற்பது நாள் பார்த்து, வீட்டில் டெஸ்ட் எடுத்து, நல்ல நாள் பார்த்து டாக்டரிடம் வருவதற்குள் எட்டு வாரம், குழாயின் வேலை முடிந்திருக்கும். கருத்தரிக்க ஒரு மாதம் முன்பிருந்தே தினமும் 400 மைக்ரோகிராம் வேண்டும். கீரை சாப்பிடுங்கள், நல்லதுதான், ஆனால் அது மாத்திரைக்கு ஈடாகாது.

ஏற்கெனவே இப்படி ஒரு கரு அமைந்திருந்தால் அளவு பத்து மடங்கு, 4 மில்லிகிராம், அதை மருத்துவர் எழுதித் தரட்டும். 1991-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில் அப்படிப்பட்ட பெண்களுக்கு மறுபடி வருவது 72 சதவீதம் குறைந்தது. நூறு அல்ல, அதனால் மாத்திரை போட்டும் வந்துவிட்டால் யாரையும் குற்றவாளியாக்காதீர்கள்.

இந்தக் குறை வரும் வாய்ப்பைக் கூட்டுகிறவையும் உண்டு: சர்க்கரை இருந்தால் முதலில் அதைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். வலிப்புக்கு வால்ப்ரோயேட் என்ற மருந்தை எடுப்பவர்கள் குழந்தைக்குத் திட்டமிடும்போதே டாக்டரைப் பாருங்கள், அப்புறம் தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கல்யாணமான இரண்டாம் மாதமே "விசேஷம் உண்டா?" என்று கேட்கிற அத்தைமார்களே, சித்திமார்களே, அன்றைக்கே கையோடு ஒரு அட்டை ஃபோலிக் ஆசிட் வாங்கிக் கொடுத்துவிடுங்களேன்.